நிழல் பக்கம் நிறுத்து

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். உனக்கு இருப்பது ஒரே தம்பி என்பதால் எந்தத் தம்பி என்று கேட்கமாட்டாய் என்று நம்புகிறேன். நான் சௌக்கியம். இடது முழங்கால் மட்டும் மழைக்கு முந்தின நாளே வலித்துத் தகவல் சொல்கிறது. உன் முதுகு எப்படி இருக்கிறது? இன்னும் அந்த நீளமான வால்வுச் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டுதான் தெருத் தெருவாகத் தண்ணீர் திறந்துவிடுகிறாயா?

மூன்று வருடம் கழித்து எழுதுகிறேன். திட்டுவதென்றால் பதிலின் முதல் பாதியில் திட்டிவிடு. இரண்டாம் பாதியில் எனக்கு ஒரு காரியம் ஆகவேண்டும்.

மோட்டார் சைக்கிளில் ஊர் சுற்றுகிறவர்களுக்கு நான் வழிகாட்டிப் புத்தகம் எழுதுவது உனக்குத் தெரியும். எங்கே பெட்ரோல் கிடைக்கும், எங்கே பஞ்சர் ஒட்டுவார்கள், எந்தப் பாலத்தில் பள்ளம், இவ்வளவுதான் என் எழுத்து. முப்பத்தொரு ஊர்களுக்கு எழுதிவிட்டேன். போன வாரம் பதிப்பாளர், "பாலைவனத்துப் பக்கம் ஒரு ஊர்கூட இல்லையே சார், அங்க உங்களுக்கு யாரையும் தெரியாதா?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. பிறந்த ஊருக்கு மட்டும் நான் வழி எழுதவில்லை.

ஏப்ரலில் வரலாம் என்றிருக்கிறேன். இருபத்திரண்டு வருடத்தில் சாலை என்ன ஆனதோ தெரியாது. தண்ணீர் லாரி டிரைவர்களிடம் கேட்டு எழுது. வீடு எப்படி இருக்கிறது? நீலக் கதவு இன்னும் தரையில் உரசுகிறதா? மாடி ஜன்னல் கட்டையில் நான் ஆணியால் கீறிய வண்டிப் படம் இருக்கிறதா? அந்த வீட்டில் எந்த சுவிட்ச் எங்கே என்று கண்ணை மூடினாலும் என் கைக்குத் தெரியும்.

உன் பதிலை எதிர்பார்த்திருக்கும்,
சக்கரம்

---

பிப்ரவரி 2

அன்புள்ள சக்கரத்துக்கு,

ஓரிடத்தில் நிற்காத பிள்ளை என்று அப்பா வைத்த பெயர் உனக்கு இன்னும் பொருந்துகிறது. நான் நன்றாக இருக்கிறேன். முதுகு அதன் பாட்டுக்கு இருக்கிறது. உன் முழங்காலுக்கு எண்ணெய் தடவு. வண்டிக்கு ஊற்றுகிற எண்ணெயைச் சொல்லவில்லை.

திட்டலாம் என்று உட்கார்ந்தேன். உன் கையெழுத்தைப் பார்த்ததும் பாதி மறந்துபோயிற்று. மீதியை நேரில் வாங்கிக்கொள்.

எழுதிக்கொள். நெடுஞ்சாலை பிரிகிற இடத்தில் உள்ள பங்க்தான் கடைசி. அதற்குப் பிறகு நூற்றி நாற்பது கிலோமீட்டருக்குப் பெட்ரோல் கிடையாது. டேங்கை விளிம்புவரை நிரப்பு. மூன்றாவது மதகு தாண்டியதும் சாலை மேல் மணல் ஏறிக் கிடக்கும். அங்கே பிரேக்கைத் தொடாதே, கியரைக் குறைத்துக்கொண்டு நேராகப் போ. சங்கிலிக்கு அதிகம் எண்ணெய் விடாதே, மணல் ஒட்டிக்கொள்ளும். சைட் ஸ்டாண்டு மணலில் புதையும், அடியில் ஒரு தகர மூடி வைக்க வேண்டும். இதெல்லாம் லாரி டிரைவர் சொன்னது. இனி நான் சொல்வது. வண்டியை எப்போதும் நிழல் பக்கம் நிறுத்து. வெயிலில் நின்ற டேங்க் மேல் கை வைத்தால் தோல் உரிந்துவிடும்.

ஊரில் பழைய ஆட்கள் பாதிப் பேர் இல்லை. பேருந்து நிலையத்துக் கடிகாரம் ஓடுகிறது, ஆச்சரியம்தான். வீடு இருக்கிறது. அதே வண்டியில்தான் வருகிறாயா?

சாப்பாட்டு நேரத்தில் சாப்பிடு.
அக்கா

---

பிப்ரவரி 20

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை வேளைக்கு ஒரு தடவை படிக்கிறேன். உடம்புக்குக் குறைவில்லை. நீயும் வெயிலில் தலையில் துணி இல்லாமல் அலையாதே.

நல்ல ஆள் நீ! வீட்டைப் பற்றி மூன்று கேள்வி கேட்டால் பெட்ரோல் பங்க்கைப் பற்றி ஒரு பக்கம் எழுதுகிறாய். வீடு இருக்கிறது என்று ஒரே வார்த்தை. அதுவா எனக்கு வேண்டும்?

அதே வண்டிதான். அப்பாவின் வண்டி. எஞ்சினை இரண்டு முறை பிரித்துக் கட்டியாகிவிட்டது, சத்தம் மட்டும் மாறவில்லை. நினைவிருக்கிறதா, எனக்கு எட்டு வயது, உனக்குப் பதினாலு. கரண்ட் இல்லாத ஒரு மத்தியானம். முன்னறையில் படுத்துக்கொண்டு சொத்துப் பிரித்தோம். உனக்கு வீடு, எனக்கு வண்டி. அப்பா கதவோரம் நின்று கேட்டுவிட்டு, "நான் இன்னும் உயிரோடதான் இருக்கேன். அதுக்குள்ள பங்கு பிரிச்சாச்சா?" என்று சிரித்தார். இருபது வயதில் நான் என் பங்கைக் கேட்காமலே எடுத்துக்கொண்டு கிளம்பினேன். நீ உன் பங்கோடு அங்கேயே இருந்தாய்.

பதிப்பாளரிடம் சொல்லிவிட்டேன். நம் ஊர் அத்தியாயத்துக்கு ஒரே ஒரு புகைப்படம்: நீலக் கதவுக்கு முன்னால் அந்த வண்டி. இரண்டு பங்கும் ஒரே படத்தில். மாடி அறையில் எனக்குப் பாய் போட்டு வை.

உன் தம்பி

---

மார்ச் 6

மதிப்புக்குரிய மருந்துக்கடை ஐயா அவர்களுக்கு,

மகள் ஊரில் நீங்களும் அம்மாவும் நலம்தானே? மகளுக்குப் பிரசவம் நல்லபடி ஆனது என்று கடைப் பையன் சொன்னான். பேத்தி யார் ஜாடை? உங்கள் வீட்டை இரண்டு நாளுக்கு ஒருமுறை திறந்து பெருக்குகிறேன். மணல்தான், வேறு திருடன் வரவில்லை.

எதிர்வீட்டுக்காரி என்ற உரிமையில் ஒரு உதவி கேட்கிறேன். கேட்க வெட்கமாக இருக்கிறது.

என் தம்பி ஏப்ரல் ஆறாம் தேதி வருகிறான். அவன் கேட்பதெல்லாம் வீட்டைப் பற்றித்தான். அப்பா படுக்கையில் இருந்தபோது, வீட்டைக் கொடுத்துவிட்டு வைத்தியம் பார்க்கட்டுமா என்று கேட்டு அவனுக்கு ஒரு கடிதம் போட்டேன். ஒன்பது வருடம் ஆகிறது. அது அவனுக்குக் கிடைக்கவே இல்லை என்று இப்போதுதான் புரிகிறது. வீடு நீங்கள் வாங்கியதும், நான் எதிரே ஒற்றை அறைக்கு வந்ததும் அவனுக்குத் தெரியாது. அவன் பங்கை அவன் இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறான். என் பங்கை நான் காப்பாற்றவில்லை என்று எந்த வாயால் சொல்வேன்? சொன்னால் வராமலே போய்விடுவானோ என்றும் பயமாக இருக்கிறது. வீட்டைப் பார்க்கத்தானே வருகிறான்.

அன்று ஒரு நாள் மட்டும் உங்கள் வீடு என் வீடாக இருக்கட்டுமா? கதவுக்குப் பழையபடி நீலம் அடிக்கவும் அனுமதி வேண்டும். அவன் போனதும் உங்கள் பழுப்பையே அடித்துத் தந்துவிடுகிறேன்.

குழந்தைக்கு என் முத்தம்.
எதிர்வீட்டுக்காரி

---

மார்ச் 15

அன்புள்ள தங்கச்சிக்கு,

எல்லோரும் சுகம். பேத்தி என் ஜாடை, பாவம். நீ நேரத்துக்கு மாத்திரை போடுகிறாயா? இரத்த அழுத்தத்தோடு விளையாடாதே.

ஒரு நாள் என்ன, ஒரு வாரம் எடுத்துக்கொள். நீலமோ பச்சையோ உன் இஷ்டம். முன்னறைச் சுவரில் என் மாமனார் குடும்பப் படங்கள் பதினொன்று இருக்கின்றன, அவற்றைக் கழற்றிவிடு. உன் தம்பி அவர்களைச் சொந்தக்காரர்கள் என்று நினைத்துவிட்டால் உனக்குத்தான் அவமானம். என் மனைவியிடம் இதைச் சொல்லாதே.

ஒன்று மட்டும் சொல்கிறேன். நாற்பது வருடமாக மருந்து கொடுப்பவன் நான். வலியை மறைப்பவர்களுக்கு என்னிடம் மாத்திரை இல்லை. அப்புறம் உன் விருப்பம்.

அன்புடன்,
மருந்துக்கடை அண்ணன்

---

மார்ச் 22

அன்புள்ள சக்கரத்துக்கு,

நலம். நீயும் நலமாக வந்து சேர வேண்டும், அதுதான் இப்போது என் கவலை.

ஆறாம் தேதி மாலை ஐந்து மணிக்கு மேல் வா. அதற்கு முன்னால் வராதே. பகல் பதினொன்றிலிருந்து நாலு வரை ஊரே கதவடைத்துத் தூங்கும், யாரும் எழுந்து உனக்குத் தண்ணீர்கூடத் தரமாட்டார்கள். இரண்டு மணிக்கு மேல் மேற்கிலிருந்து காற்று கிளம்பும். அப்போது எங்கேயாவது ஒதுங்கி நில். கழுத்தில் ஈரத்துணி கட்டிக்கொள். எப்படியும் மதகுப் பக்கம் மணலில் அரை நாள் போகும், அதையும் கணக்கில் வைத்துக்கொள்.

தண்ணீர்த் தொட்டி தெரிந்ததும் ஊர் வந்துவிட்டது என்று அர்த்தம். நம் தெருவுக்குள் திரும்பியதும் முன்பு சொன்னதுதான், நிழல் பக்கம் நிறுத்து. நம் வாசல் அந்தப் பக்கம்தான்.

கதவு நீலமாகத்தான் இருக்கிறது. கொஞ்சம் உரசுகிறது. படத்துக்கு நன்றாக விழும்.

மாடியில் பாய் போட்டிருக்கும்.
அக்கா

---

ஏப்ரல் 5, நெடுஞ்சாலைப் பங்க்

அக்கா,

தபால் அட்டை. இது உன்னிடம் சேரும் முன் நான் சேர்ந்துவிடுவேன், இருந்தாலும் கை சும்மா இருக்கவில்லை. முழங்கால் நலம், வண்டி அதைவிட நலம். டேங்க் விளிம்புவரை. இந்த இடத்தில்தான் இருபத்திரண்டு வருடம் முன்பு நின்று, திரும்பிவிடலாமா என்று யோசித்தேன். அப்போது திரும்பவில்லை.

நாளை பார்ப்போம்.
தம்பி

---

ஏப்ரல் 19

அன்புள்ள தம்பி,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பாய். தூக்கம் சரியாக வருகிறதா? நான் நலம். அட்டை நேற்றுத்தான் வந்தது.

மாலை வரச் சொன்னால் காலை ஏழு மணிக்கே வந்து நிற்கிறாயே! பல் துலக்கிக்கொண்டிருந்தவளுக்கு அந்த எஞ்சின் சத்தம் கேட்டது. அப்பா வேலையிலிருந்து வந்துவிட்டார் என்று ஓடிவந்து கதவைத் திறந்தேன், நம்புவாயா? நீ தலைக்கவசத்தைக் கழற்றியதும் பார்த்தால் முன்வழுக்கை. யாரோ என்று நினைத்துவிட்டேன்.

அந்த எதிர் அறை வால்வுச் சாவிகளும் சாமான்களும் போட்டுவைக்க வாங்கியது என்று சொன்னேன் அல்லவா? வேலை நாட்களில் அங்கேயே படுத்துவிடுவேன், அவ்வளவுதான். அதையெல்லாம் புத்தகத்தில் எழுதாதே. மாலையில் நீ வீடு முழுக்கச் சுற்றி வந்ததையும், மாடி ஜன்னலில் உன் வண்டிப் படத்தைத் தடவிப் பார்த்ததையும் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். எனக்கு அது போதும்.

மறுநாளே கிளம்பிவிட்டாயே, அதுதான் குறை. புகைப்படம் வந்ததும் ஒன்று அனுப்பு.

அக்கா

---

மே 3

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் உன் உடம்பைக் கவனி. அலமாரியில் மாத்திரைப் பெட்டியைப் பார்த்தேன். எந்த அலமாரி என்று சொல்லித்தான் ஆகவேண்டும். எதிர் அறை அலமாரி.

எனக்குத் தெரியும் அக்கா.

நீ எழுதிய வழி அவ்வளவு சரியாக இருந்தது. மதகில் அரை நாள் போகும் என்றாய், நீ சொன்னபடி ஓட்டியதில் அரை மணி நேரத்தில் தாண்டிவிட்டேன். விடியலிலேயே தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. நீலக் கதவைத் தொட்டேன், உள்ளங்கை முழுக்க நீலம் ஒட்டியது. பூட்டியிருந்தது, முதுகில் சுள்ளென்று வெயில். நீதான் சொல்லியிருந்தாயே, நிழல் பக்கம் நிறுத்து என்று. காலையில் நிழல் எதிர் வரிசையில். நம் ஊர்க்காரர்கள் நிழல் பக்கம் என்றால் அது மாலை நிழல்தான், ஊர் விழிப்பதே மாலையில்தான் என்பது எனக்கு மறந்தேபோயிருந்தது. எல்லாம் நினைவிருக்கிறது என்று பெருமையடித்தவன் நான்! வண்டியை அங்கே தள்ளினேன். ஸ்டாண்டுக்கு அடியில் வைக்கத் தகர மூடி தேடினால், ஒரு வாசல்படியில் நீலப் பெயிண்ட் டப்பாவும் மூடியும். அந்தக் கதவைத் திறந்தது நீ.

உள்ளே ஒரு கட்டில், ஒரு தட்டு, ஒரு தம்ளர். அப்பாவின் ரேடியோ. சுவரோரம் யாரோ ஒரு குடும்பத்தின் பதினொரு படங்கள் சாய்ந்து நின்றன. கட்டிலில் உட்கார்ந்து தண்ணீர் மட்டும் கேட்டேன். மாலையில் வீட்டுக்குக் கூட்டிப் போனாய். முன்னறையில் நுழைந்ததும் சுவிட்சுக்கு உன் கை போனது. அங்கே சுவிட்ச் இல்லை, வெறும் சுவர். என் கையும் அதே இடத்துக்குத்தான் போயிருந்தது. இரண்டு பேரும் இருட்டில் ஒரே சுவரைத் தடவிக்கொண்டு நின்றோம். நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். உன் ஆசை கெடக் கூடாதென்று மாடி வரைக்கும் ஏறி வந்தேன்.

இனி என் பங்குக்கு. ஒன்பது வருடம் முன்பு நீ போட்ட கடிதம் எனக்குக் கிடைத்தது. உறை தடிமனாக இருந்தது. பிரித்தால் அப்பா போய்விட்டார் என்று இருக்குமோ என்று பயந்து பிரிக்கவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று வண்டிப் பெட்டியில் வைத்தேன். பிறகு நிஜமாகவே அவர் போன சேதி தபால் அட்டையில் வந்தது. அட்டையைப் பிரிக்க வேண்டியதில்லையே, படித்துவிட்டேன். அதற்கப்புறம் அந்த உறையைத் தொட எனக்கு முகமில்லை. உன்னைப் பார்த்துவிட்டுத் திரும்புகிற வழியில், அதே பங்க்கில் உட்கார்ந்து பிரித்தேன். நாலு பக்கம். கடைசியில், "சரி என்றாலும் சரி, வேண்டாம் என்றாலும் சரி, நீ ஒரு வார்த்தை சொல்" என்று எழுதியிருக்கிறாய்.

வீட்டை நீ இழக்கவில்லை அக்கா. நான்தான் உன்னைத் தனியாக விட்டேன். என் பங்கில் பாதி இனி உன்னுடையது. பின் சீட்டு காலியாகத்தான் இருக்கிறது.

மன்னிப்புக் கேட்கும்
தம்பி

---

ஜூன் 14

அக்கா,

ஆறு வாரமாகப் பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கோபம் என்றால் கோபத்தையாவது எழுது. அச்சுக்குப் போகும் பக்கத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். தப்பிருந்தால் திருத்து. நீலக் கதவுப் படத்தை எடுத்துவிட்டேன்.

*"தங்குமிடம்: விடுதி இல்லை. தண்ணீர்த் தொட்டியிலிருந்து நாலாவது தெரு. வண்டியை நிழல் பக்கம் நிறுத்தவும். ஊருக்குத் தண்ணீர் திறந்துவிடும் பெண்மணி அங்கே இருக்கிறார். வழி கேட்டால் சரியாகச் சொல்வார். அவர் கடிதம் போட்டால் உடனே பிரிக்கவும்."*

தம்பி

---

ஜூலை 1

சக்கரத்துக்கு,

உயிரோடு இருக்கிறேன். மாத்திரை போடுகிறேன். நீ ஒழுங்காகச் சாப்பிடு.

உன் மே மாதக் கடிதத்தைப் படித்ததும் நாலாக மடித்து வால்வு அறையில் எறிந்துவிட்டு வந்துவிட்டேன். ஒரு மாதம் அதை எடுத்துப் பார்க்கவில்லை. என் பழைய கடிதம் உனக்குக் கிடைக்கவில்லை என்று நினைத்திருந்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. தபால்காரர் மேல் பழியைப் போட்டுவிட்டு உன் மேல் பிரியமாகவே இருக்க முடிந்தது. அன்று உன் பதிலுக்காக நாலு மாதம் காத்திருந்தேன். தபால் வருகிற நேரத்தில் வாசலை விட்டு நகர மாட்டேன். அந்த நாலு மாதமும் கடைசித் தெருக்காரர்களுக்குத் தண்ணீர் தாமதமாகப் போனது. அவர்கள் என்னைத் திட்டியதெல்லாம் உனக்குச் சேர வேண்டியது.

எனக்குக் கோபம் தீரவில்லை. தீர்ந்துவிட்டது என்று எழுதினால் அது இன்னொரு நீலப் பெயிண்ட். ஆனால் ஒன்று. வீட்டுக்காகத்தான் வருகிறாய் என்று நினைத்திருந்தேன். பூட்டின வீட்டைப் பார்த்தபிறகும், ஒற்றை அறையைப் பார்த்தபிறகும் வண்டியைத் திருப்பாமல் என் கட்டிலில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டாய். அதை மறக்க முடியவில்லை.

மருந்துக்கடை அண்ணன் வந்துவிட்டார். பழுப்பு அடிக்கத் தூரிகையோடு போனேன். "விடும்மா. எனக்கும் பழகிப்போச்சு," என்றார். உன் உள்ளங்கை பதிந்த இடத்தில் மட்டும் பெயிண்ட் இல்லை, விரல் ஐந்தும் அப்படியே தெரிகிறது. அதை மூடவும் அவர் விடவில்லை.

பின் சீட்டெல்லாம் எனக்கு வேண்டாம். லாரி டிரைவர் எனக்கு வண்டி ஓட்டக் கற்றுத்தருவதாகச் சொல்லியிருக்கிறார். பாதிப் பங்கு என்றால் நான் முன்னால், நீ பின்னால்.

உன் பக்கத்தில் ஒரு தப்பு இருக்கிறது, திருத்து. நிழல் பக்கம் என்று மட்டும் போட்டால் மாலையில் வருகிறவன் மருந்துக்கடைக்காரர் வீட்டில் போய் நிற்பான். காலை நிழல் என்று தெளிவாகப் போடு.

நீயும் இனிமேல் காலையிலேயே வா.

அக்கா